கை தூக்கினால் நிறுத்தும் டாக்டர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். தொடக்கப்பள்ளியோடு நின்றவன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஜாலான் புசாரில் நான் வேலை செய்யும் இரும்புச் சாமான் கடைக்கு அருகிலுள்ள பல் மருந்தகத்தில்தான் அந்தப் பெண் டாக்டரைப் பார்த்தேன். சாம்பல் நிற முக்காடு, தூக்கம் போதாத கண்கள். அவருடைய ஊசியிலிருந்து ஒரு கம்பி சின்னத் திரை ஒன்றுக்குப் போனது. மருந்து எவ்வளவு அழுத்தத்தில் இறங்குகிறது என்று அதில் எண் ஓடும். ஊசியை அழுத்தும்போதெல்லாம் அவர் தன் மூச்சை அடக்கிக்கொள்வார்.

"வலிச்சா கையத் தூக்குங்க அங்கிள்."

ஈறில் மருந்து இறங்கியபோது உயிர் போயிற்று. நான் கையைத் தூக்கவில்லை. யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் இருந்தே பழகிவிட்டேன்.

அவரே ஊசியை வெளியே எடுத்தார். "வலிக்குதா?"

"பரவால்ல டாக்டர். நம்பர் கம்மியாத்தானே காட்டுது?"

"என் கை எவ்வளவு அழுத்துதுன்னுதான் அது காட்டும். உங்க வலி அதுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் சொல்லணும் லா. நாற்காலிய வேற இந்தப் பிடி பிடிக்கிறீங்க, உடைச்சிடாதீங்க!"

பிறகு பல்லின் வேரை மருந்து நீரால் கழுவும்போதும் அதே திரைதான். உள்ளே சுருக்கென்றது. தயங்கித் தயங்கி ஒரு விரலைத் தூக்கினேன். திரையில் எண் ஏறவே இல்லை. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை, உடனே நிறுத்திவிட்டார்.

வலி விட்ட பிறகும் விரலை இறக்க எனக்கு மனம் வரவில்லை. அவரும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

தைப்பூசத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எழுதியது.