மாமியார் பட்டி, முந்நூறு பிரதி

விளக்கைத் தூண்டிவிட்டு உட்கார்ந்த நேரம், வெளியே யாரோ இருமினார்கள். கிழவர் இருமல். நெஞ்சில் கபம் கட்டி, இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து. எங்கள் வீட்டில் கிழவர் யாரும் இல்லை. வீட்டுக்காரர் நிலக்கடலை மூட்டைகளோடு பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருந்தார், மாமியார் உள்ளறையில் தூங்கிவிட்டார். ஏழு மாதக் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு, கத்தவும் தைரியமில்லாமல், கையிலிருந்த பென்சிலால் அந்தச் சத்தத்தை எழுதினேன். வீட்டுக்குப் பின்னால் ஆடு அடைக்கிற பட்டியில் ஒரு செம்மறிக்குச் சளி என்று மறுநாள்தான் தெரிந்தது. கான்வென்ட் ஹாஸ்டலில் வளர்ந்தவளுக்கு ஆடு மனிதரைப் போல இருமும் என்று யார் சொல்லித் தந்தார்கள்?

அன்றிலிருந்து பயந்ததையெல்லாம் எழுதி, ஒரு நோட்டு நிறைந்தது. எழுத்துத் தொழிலில் எழுதுவது சுலபம். எழுதியதை என்ன செய்வது என்பதுதான் தொழிலே. சொந்தச் செலவில் அச்சடிப்பதா, வேண்டாமா? அடித்தால், ராத்திரியில் நான் எழுதுவது மாமியாருக்குத் தெரிந்துவிடும். நான் பயந்தாங்கொள்ளி என்பது எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்கே தெரிந்துவிடும். அடிக்காவிட்டால் கரையான் படிக்கும். மடித்த சேலைகளுக்கு அடியில் நோட்டை ஒளித்து வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

எந்த ராஜ்யம்?

சொந்தமாக அடிக்கும் யோசனை முதலில் எனக்கு இல்லை. சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ராஜ்யங்களைப் பிரித்து எங்களைக் கேரளத்தில் சேர்த்திருந்த சமயம். "தாங்கள் இப்போது கேரளம் ஆகையால் அங்குள்ளவர்களை அணுகவும்" என்று பதில் வந்தது. நியாயம்தான் என்று திருச்சூரில் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் ஆங்கிலத்தில் பதில் போட்டிருந்தார். நான் படித்த இங்கிலீஷ் கல்யாணத்துக்குப் பிறகு பயன்பட்டது அந்த ஒரு தடவைதான். எழுதியிருந்தது இவ்வளவே:

"நன்றாக இருக்கும் என்று நம்புகிறோம். இங்கே யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. சென்னைக்கு அனுப்பிப் பாருங்கள்."

பிசாசு உண்டோ?

குழந்தைக்கு அம்மை குத்த வேண்டும் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் பாலக்காடு பஸ் ஏறினேன். குத்தவும் குத்தினேன், முழுப் பொய் சொல்ல எனக்குப் பயம். அப்படியே கான்வென்டுக்குப் போய், எனக்குப் பாடம் எடுத்த சிஸ்டரிடம் நோட்டைக் கொடுத்தேன். அவர் நின்றபடியே நாலு பக்கம் புரட்டினார்.

"இதில் பிசாசு உண்டோ?"

"இல்லை சிஸ்டர். பயம் மட்டும்தான்."

சிஸ்டர் நோட்டை மூடி, இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

"வெறும் பயத்துக்கு ஜெபம் போதுமே குட்டி, அச்சு எதுக்கு?"

சோற்றுக் கணக்கு

அங்கிருந்து அச்சாபீஸ். கல்யாணப் பத்திரிகையும் சந்தை நோட்டீசும் அடிக்கிற இடம். முதலாளி ஒரு ராவுத்தர். நோட்டைத் திறக்கக்கூட இல்லை, தராசுத் தட்டில் வைத்தது போலக் கையில் தூக்கிப் பார்த்தார். எத்தனை பிரதி என்று கேட்டார். ஐந்நூறு என்றேன்.

"உங்க கல்யாணப் பத்திரிகை நம்மகிட்டத்தான் அடிச்சாங்க. ஆயிரம். வந்தது எத்தனை பேரு?"

"அறுநூறு பேர் இருக்கும்."

ஒரு பக்கம் மாதிரிக்கு அடித்து பஸ்ஸில் அனுப்புவதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு முகூர்த்த நாட்கள். ஈய எழுத்தெல்லாம் பத்திரிகைக்குப் போய்விடுமாம். எண்ணிக்கையையும் அவரே முடிவு செய்தார்.

"சோறு போட்டே அறுநூறு. இதுல சோறு கிடையாதேம்மா, முந்நூறு போதும்."

மாதிரிப் பக்கம்

கண்டக்டர் நல்ல மனிதர். என் பெயருக்கு வந்த கவரை அலைய விடக்கூடாது என்று வீட்டு வாசலுக்கே வந்து மாமியார் கையில் கொடுத்துவிட்டார்.

நான் கிணற்றடியிலிருந்து வரும்போது மாமியார் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே எட்டிப் பார்த்தேன். 'எங்கள் மாமியார் பட்டி பெரியது. இரவில் இருமல் சத்தம் கேட்கும். அதைக் கேட்டு நான் நடுங்கினேன்' என்பது நான் எழுதியது. அச்சில் வந்து அவர் படித்ததோ வேறு: 'எங்கள் மாமியார் பெரியவர். இரவில் இருமல் சத்தம் கேட்கும். அதைக் கேட்டு நான் நடுங்கினேன்.' இரண்டு தடவை படித்தார். காகிதத்தை நாலாக மடித்தார்.

"பெரியவருன்னு போட்டது செரி அம்மிணி. நானு எப்ப இருமுனேன்?"

கம்பாசிட்டரின் கருணை

வியாழக்கிழமை காலை அச்சாபீசுக்கு ஓடினேன். என் பக்கத்துக்கு ஈய எழுத்துக் கோத்த கம்பாசிட்டர் மலையாளி. தமிழ் எழுத்து தெரியும், சந்தைத் தமிழ் பேசுவார். ஒரு வார்த்தையை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மலையாளத்தில் பட்டி என்றால் நாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் இந்த எல்லையில் இருப்பவளுக்குத் தெரிந்த வார்த்தைதான்.

"மாமியார் பட்டி, அதும் பெரிய பட்டின்னு எழுதலாமோ அம்மே? நானே நல்லதாக்கி வெச்சேன். நாளைக்கும் அந்த வீட்டில்தானே கஞ்சி குடிக்கணும்?"

வியாழன் சாயங்காலம்

வேறு வழியில்லை. மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதுவதை, ஆட்டுச் சளியை, கம்பாசிட்டர் நாய் என்று நினைத்ததை. வீட்டுக்காரர் தூணோடு தூணாக நின்றார். அம்மா சொல்லாமல் அவர் வாய் திறப்பதில்லை. மாமியார் அடுப்பில் போடு என்று சொல்வார் என்று எண்ணி நோட்டை நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர் அதைத் திறக்கவில்லை. வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார்.

"ஆடு இருமுனதுக்கா பயந்தே? என்னைய எழுப்ப வேண்டீதுதானே?"

"உங்களை எழுப்பவும் பயமாக இருந்தது அத்தை."

வீட்டுக்காரர் கால் மாற்றி நின்றார். அப்புறம் நோட்டு என் மடிக்குத் திரும்பி வந்தது.

"அடிக்கறதுன்னா அடி. ஆனா எடுத்த வார்த்தையத் திருப்பிப் போடச் சொல்லு. எம்பட பட்டீல நாப்பது உருப்படி ஆடு நிக்குது, அதையும் சேத்தே போடோணும்."

வெள்ளிக்கிழமை

முந்நூறு பிரதி, என் பெயரோடு, பட்டியோடு, நாற்பது உருப்படியோடு என்று சீட்டு எழுதி, காலை பஸ்ஸில் அதே கண்டக்டரிடம் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் பாதி ஊருக்குத் தெரிந்துவிட்டது. நான் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் பக்கத்துத் தோட்டத்து அக்கா மோர்ச் சொம்போடு வந்து, நான் எழுதுகிற அறையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். குழந்தையைக் கொஞ்சினார். மழையைப் பற்றிப் பேசினார். கிளம்பும்போதுதான் வந்த காரியம் வெளியே வந்தது.

"எங்க பட்டீல நாப்பத்தாறு நிக்குது கண்ணு, உங்கத்தைகிட்டச் சொல்லாம அதையும் ஒரு வரி போட்டுடு."

புத்தகத்தைச் சொந்தமாக அடிக்கலாமா என்று யோசிக்கிறவரைக்கும் ஊருக்குப் பயப்படுகிறோம், அடிக்கிறோம் என்று சொன்ன பிறகு ஊரே உள்ளே ஏற இடம் கேட்டு வருகிறது; ஆகையால், தனியாக இருக்கப் பயந்து ஒருநாளும் சாத்தாத அறைக் கதவை இன்றைக்குத்தான் முதல் தடவையாக உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன்.