கறுப்புக் கோட்டோடு போன மெடல்கள்

எழுபத்தொன்பதாம் வருஷம் என்று நினைவு. மழைக்காலம் முடியும் நேரம். நாங்கள் புனேயில் தாபோடியில் குடியிருந்தோம். என் கணவர் பாலம் கட்டும் பட்டாளத்தில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, கேப்டனாக ஓய்வு பெற்றவர். அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் நான் கேப்டனம்மாதான். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பானேன்?

முந்தின வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் அடியோடு போயிருந்தது. அது மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தபோது பட்டாளத்திலிருந்து கடிதம் வந்தது. பழைய ஆட்கள் எல்லாரும் கூடுகிறார்கள், கூட்டிப்போக வண்டி அனுப்புகிறோம் என்று. அவருக்கு முகமே மாறிவிட்டது. "மெடல்... எடு" என்றார்.

டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மெடல் டப்பா காலி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன தடவை விழாவுக்குப் போய்வந்தவர், கோட்டிலிருந்து மெடல் வரிசையைக் கழற்றி உள்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அந்தக் கறுப்புக் கோட்டு இப்போது வீட்டில் இல்லை. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்க வருகிற மராட்டிக்காரியிடம் போட்டுவிட்டேன். ஒரு எவர்சில்வர் டப்பாவுக்கு ஏழெட்டுத் துணி கொடுத்தும் அவள் விடவில்லை. "இன்னும் ஒண்ணே ஒண்ணு போடு பாயி" என்று, அம்மா என்பதற்கு அவர்கள் சொல்கிற பாயியைப் போட்டுக் கெஞ்சி, வாசலை விட்டு நகர மறுத்தாள். கோட்டின் கையைப் பூச்சி அரித்திருந்தது. இனி இவர் எங்கே போட்டுக்கொள்ளப் போகிறார் என்று நினைத்து, பையைக்கூடத் தடவிப் பார்க்காமல் தூக்கிக் கொடுத்தேன்.

அவரிடம் போய், "பாலிஷ் போடக் குடுத்திருக்கேங்க" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

அக்கம்பக்கத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கேப்டனம்மா புருஷன் மெடலைப் பாத்திரத்துக்குப் போட்டாள் என்று சிரிக்க மாட்டார்களா? கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லி, பக்கத்து வீட்டு அம்மாளை அவருக்குத் துணை வைத்துவிட்டு, ரயிலேறி சிவாஜி நகரில் இறங்கி ஜூனா பஜாருக்குப் போவேன். புதனும் ஞாயிறும் கூடுகிற பழைய சாமான் சந்தை அது. எனக்குப் போர்டு படிக்க வராது. முகங்களைத்தான் பார்த்துக்கொண்டே நடப்பேன். நாலாவது தடவை அவள் அகப்பட்டாள், துணிக் குவியலுக்கு நடுவில்.

என்னைப் பார்த்ததும், "டப்பா ஓட்டையா பாயி? மாத்தித் தர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்!" என்று சிரித்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் அவள் சிரிப்பு நின்றது. "அந்தக் கோட்டை பேண்டுவாலா ஒருத்தர் கையிலதான் வித்தேன். வா" என்று, வியாபாரத்தைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு என்னை அழைத்துப் போனாள்.

கல்யாணத்துக்கு பேண்டு வாசிக்கிறவர்களின் சின்னக் கடை. வயதான மாஸ்டர் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய சிவப்புச் சட்டையின் நெஞ்சில் என் வீட்டு மெடல்கள்! எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "இதைக் குத்திக்க உனக்கென்ன யோக்கியதை?" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "மாஜி, இது நெஞ்சுல இருந்தாத்தான் கல்யாண வீட்டுக்காரன் என்னை மாஸ்டர்னு மதிக்கிறான். கோட்டுப் பையில கிடந்தது. விளையாட்டுச் சாமான்னு நினைச்சேன், சத்தியமா" என்றார். கழற்றிக் கண்ணில் ஒற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் இருந்தன. வெள்ளி மெடலைக் காணோம். அது மட்டும் அசல் வெள்ளி என்று தட்டான் சொன்னதால், பிழைப்பு இல்லாத மழை மாதத்தில் அதை உருக்கக் கொடுத்துவிட்டதாகத் தலை குனிந்து சொன்னார். மற்ற நாலும் பட்டாளத்தில் என் கணவரோடிருந்த எல்லாருக்கும் சர்க்கார் கொடுத்தவை. அந்த வெள்ளி ஒன்றுதான், குண்டு விழும்போது ஆற்றில் நீந்திப் போய்ப் பாலத்தின் கயிற்றைக் கட்டியதற்காக இவருக்கென்று கொடுத்தது.

வீட்டுக்கு வந்து அவருடைய இடது கையில் வைத்தேன். ஒவ்வொன்றாகத் தடவினார். நாலு. திரும்பவும் முதலிலிருந்து தடவினார். உண்மையைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவரே, வார்த்தை வார்த்தையாகத் தேடிப் பேசினார்.

"கோட்டைக் குடுத்தப்ப... பார்த்தேன். கத்தினேன். நீ... தண்ணி குடுத்த. மெடலையாவது நீ... எடுத்து வெச்சிருப்பேன்னு..."

எனக்கு எல்லாம் கண்முன் வந்து நின்றது. அன்று வாசலில் பேரம் நடந்தபோது அவர் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கி என்னவோ சத்தம் போட்டார். ஓடிப்போய்க் கரண்டியால் தண்ணீர் புகட்டினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். தாகமில்லை போலிருக்கிறது என்று நான் போய்ப் பேரத்தை முடித்தேன்.

விழாவன்று வண்டி வந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். என்னை அவர் ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். நாலு மெடலும் என்னிடம் இருக்கின்றன.

இன்றைக்கும் என் எதிரில் யாராவது பேச வராமல் தவித்தால், நானாக ஒன்றை நினைத்துக்கொண்டு எழுந்து ஓடுவதில்லை. அவர்கள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் வரை, எவ்வளவு நேரமானாலும், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.