தெத்துப்பல்லும் பால்பல்லும்

எனக்குப் பதினோரு வயதில், மேல்வரிசையில் ஒரு பால்பல் விழாமல் அடம்பிடிக்க, அதற்கு மேலே ஈறைக் கிழித்துக்கொண்டு ஒரு தெத்துப்பல் கிளம்பியது. அதை வைத்து விழுப்புரத்து வீட்டில் ஓயாத சண்டை. வாய் என்னுடையது, என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் என்னைக் காட்டினார். "இப்ப தொடாதீங்க. எல்லாப் பல்லும் முளைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார் டாக்டர். கூரை ஒழுகினாலும் மழை நிற்கட்டும் என்பவர் அப்பா. அவருக்கு அந்தப் பேச்சு இனித்தது.

அம்மாவுக்குக் கசந்தது. "ஈறு இளசா இருக்கும்போதே சரி பண்ணணும். முத்திப்போனா எவன் நிமித்துவான்?" தினமும் காலையில் கட்டைவிரலால் அந்தப் பல்லை உள்ளே அழுத்துவாள். உயிர் போகும். தெருவில் நான் சிரித்தால், "வாய மூடிக்கினு சிரிடி" என்பாள்.

அப்பா வேலைக்குப் போயிருந்த ஒருநாள், சந்தையில் பல் பிடுங்குகிறவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். "எதும்மா?" என்று கேட்டார் அவர். தெத்திக்கொண்டு நிற்பதுதானே குற்றவாளி? அம்மா அதைக் காட்டினாள். வரிசையில் ஒழுங்காக நின்ற பால்பல்லை யாரும் சந்தேகிக்கவில்லை. "கெட்டிப் பல்லும்மா" என்று பிடுங்கிய பல்லைக் குறடில் பார்த்து அவரே வியந்தார். புதுப்பல் முளைக்கட்டும் என்று அம்மா அதைச் சாணியில் உருட்டித் தந்தாள். வீட்டு ஓட்டின்மேல் எறிந்தேன்.

அப்பா வந்து என் வாயைத் திறந்து பார்த்தார். அன்று ராத்திரி அம்மா போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்து போனார்.

யுத்த காலத்தில் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். மல்லாட்டைக் கடலை மென்றபோது அந்தப் பால்பல் கழன்று கையில் வந்தது. அதற்குப் பதிலாக இறங்கி வரவேண்டிய பல்லைத்தான் அன்றைக்கே ஓட்டின்மேல் எறிந்தாயிற்றே. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

அம்மா பழக்கதோஷத்தில் சாணி உருட்டிக்கொண்டு வந்தாள். "எறிஞ்சுடு."

"இனிமே எதும்மா முளைக்கும்?"

அவளே பல்லை வாங்கிச் சாணிக்குள் வைத்து எறிந்தாள். உருண்டை ஓட்டில் சறுக்கி எங்கள் காலடியிலேயே விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு இதத்தான் புடுங்கி இருக்கணும், இல்லடி?"

"ஆமா" என்றேன். அதைச் சொல்ல எத்தனையோ வருஷம் காத்திருந்தேன். சொன்ன பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.