அளக்கிற நாளில் ஓடியவள்

அந்த டைம்பீஸுக்கு ஒரு நொண்டிச் சத்தம் உண்டு. டக், டக் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டே இருக்கும் நொடிமுள், ஒன்பதைத் தாண்டி மேலே ஏறும் இடத்தில் மட்டும் மூச்சு வாங்கி ஒரு கணம் நிற்கும். பிறகு இரண்டு அடியை ஒன்றாக எட்டி வைக்கும். பெரிய டீச்சர் அதைத் தம் வீட்டுச் சாமி மாடத்துப் பக்கத்திலிருந்து எடுத்து மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவருவார் என்பதால், மேசைமேல் வைத்ததும் விளக்கெண்ணெயும் கற்பூரமும் கலந்த வாடை வகுப்பெல்லாம் பரவும். அந்த வாடை மூக்கில் ஏறினாலே இரண்டாம் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வரும். இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அன்றைக்கு நாங்களும் சிரித்தோம், வராதவர்கள் வந்தவர்களைப் பார்த்து.

ஆட்டையாம்பட்டியிலிருந்து மேற்கே மினி பஸ்ஸில் போனால் வருகிற ஊர் எங்களுடையது. மூன்று வீட்டுக்கு ஒரு விசைத்தறிப் பட்டறை. பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கமே பெரிய டீச்சர் வீட்டுக்காரரின் பட்டறை ஓடியது. அதில்தான் என் அப்பாவும் தறி ஓட்டினார். சத்தத்திலேயே பிறந்து சத்தத்திலேயே வளர்ந்ததால், எங்கள் ஊரில் ரகசியம் பேசுகிறவர்கூடக் கத்தித்தான் பேசுவார். "தறிக்காரன் ஊட்டுச் சண்ட தெருவுக்கே பாட்டு" என்பாள் எங்கள் அம்மா.

நான் இரண்டாம் வகுப்புக்குப் போன வருடம் மேலேயிருந்து ஒரு தாள் வந்தது. சின்னப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் எத்தனை வார்த்தை பிழையில்லாமல் படிக்கிறார்கள் என்று அளக்க வேண்டும். பொங்கலுக்குள் எல்லாரும் எட்ட வேண்டிய இலக்கு ஒன்றை அந்தந்தப் பள்ளியே தன் பிள்ளைகளைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். எப்படி வைப்பது என்று தாளில் இருந்ததோ இல்லையோ, பெரிய டீச்சருக்குத் தெரிந்த அளவு ஒன்றே ஒன்றுதான். அது பட்டறை அளவு.

பட்டறையில் புது ரகத் துண்டு ஒன்று வந்தால், முதல் நாள் கைவேகமுள்ள ஓர் ஆளிடம் ஒரு தறியைக் கொடுத்து ஓட்டச் சொல்வார்கள். சாயங்காலம் அவன் இறக்கிய மீட்டரைச் சிலேட்டில் எழுதி மாட்டுவார்கள். அதற்கு "மொதலோட்டம்" என்று பேர். மறுநாளிலிருந்து மற்ற எல்லாரும் அதற்குப் பக்கத்திலாவது வந்தாக வேண்டும். வராதவனுக்குக் கெட்ட தறி, பிறகு தறியே இல்லை. ஆனால் தறி ஓட்டுகிறவர்களுக்குள்ளும் ஒரு கட்டுப்பாடு இருந்தது, அதை எந்தச் சிலேட்டிலும் எழுதமாட்டார்கள். மொதலோட்டம் ஓட்டுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அன்றைக்கு அடிக்கடி தண்ணீர் குடிக்கப் போவான், அறாத நூலை முடிந்துகொண்டு நிற்பான். பெரும்பாலும் அந்த ஆள் என் அப்பாதான். தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே சோற்றுக்கு உட்காரும்போது சொல்வார்: "அளக்கற அன்னிக்கு நடக்கோணும் சாமி. ஓட்டமெல்லாம் மத்த நாளைக்கு." கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது. காதில் விழுந்ததெல்லாம் புத்தியில் விழுந்துவிடுமா?

டீச்சர் மொதலோட்டத்துக்கு என்னைத்தான் எழுப்பினார். "ராணி, நீ எந்திரி. நீதான் தண்ணியாட்டம் படிப்பே." பாடம் குளத்தங்கரைக் கொக்கைப் பற்றியது, ஒரு பக்கத்தில் தொடங்கி அடுத்த பக்கத்துக்குத் திரும்பும். எனக்கு அந்தப் பாடத்தைப் படிக்கத் தெரியாது, சொல்லத் தெரியும். முந்தைய வருடங்களில் என் அக்கா தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் படித்த பாடம் அது. கேட்டுக் கேட்டே வாயில் நின்றுவிட்டது. தனியாக ஓர் எழுத்தைத் தொட்டு இது என்ன என்று கேட்டிருந்தால் பாதிக்கு முழித்திருப்பேன்.

டீச்சரின் கண் டைம்பீஸிலும், வார்த்தைக்கு வார்த்தை பென்சிலால் எண் போட்டிருந்த தம்முடைய புத்தகத்திலும் இருந்தது. நான் கண்ணை என் புத்தகத்தில் நட்டுக்கொண்டு வாயை அவிழ்த்துவிட்டேன். கொக்கு நின்றது, மீன் வந்தது, கொக்கு குனிந்தது என்று கடகடவென்று போய்க்கொண்டிருந்தவள், பக்கம் முடிந்ததைக் கவனிக்கவே இல்லை. அடுத்த பக்கத்துச் சங்கதியையும் திருப்பாத பக்கத்தைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது என் பக்கத்து இடத்திலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு, சத்தமில்லாமல் அந்தத் தாளைத் திருப்பிவிட்டது. தனத்தின் கை.

"அறுபத்திரெண்டு!" என்றார் டீச்சர். "நான் ஒண்ணும் ஈவிரக்கமில்லாதவ இல்ல. உங்களுக்கெல்லாம் அம்பதுன்னு வெச்சுக்கறேன், போங்க."

சுவரில் செங்காவியால் ஏணிபோல் கோடு போட்டு, ஐம்பதில் மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நீளமாக இழுத்தார். வெள்ளிக்கிழமைதோறும் அளந்து, அவரவர் பேர் எழுதிய சீட்டைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினோம். முதல் வாரம் கோட்டுக்கு மேலே என் பேர் ஒன்றுதான். மற்றதெல்லாம் கீழே, சந்தையில் கொட்டிய வெங்காயம் மாதிரி. பாடத்தை மட்டும் மாற்றக் கூடாது என்றார். ரகம் மாறினால் அளவு மாறிவிடுமாம். ஆகவே பொங்கல் வரைக்கும் அதே கொக்கு, அதே குளம். வாரம் போகப் போக ஒவ்வொருத்தரும் என்னைப் போலவே அதை வாயில் ஏற்றிக்கொண்டு கோட்டைத் தாண்டினார்கள். தாண்டினவர்களுக்குக் கைதட்டு. தாண்டாதவர்களுக்கு நாங்களே ஒரு சட்டம் வைத்தோம். இது டீச்சர் சொன்னதல்ல, அவர் தலையில் பழி போடமாட்டேன். சத்துணவு வரிசையில் "கீழ்க்கோட்டுக்காரங்க" கடைசியில் நிற்க வேண்டும். முட்டை போடுகிற நாளில் அவர்கள் முட்டையின் மஞ்சள் கரு மேலே உள்ளவர்களுக்கு. "கீழ்க்கோடே கீழ்க்கோடே, தட்டெடுத்துப் பின்னால ஓடே" என்று பாட்டுக் கட்டியவள் நான்தான். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. இன்றைக்கும் மறக்கவில்லை.

கார்த்திகை முடிவதற்குள் கீழே மிஞ்சியது ஒரே ஒரு சீட்டு. தனம்.

அவள் படிப்பது நாற்று நடுகிற மாதிரி இருக்கும். எழுத்தின்மேல் விரலை வைப்பாள், ஊன்றுவாள், எடுப்பாள், அடுத்த எழுத்து. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் அப்படியே படித்துவிடுவாள். நூல் பெட்டியில் ஒட்டியிருப்பதை, கல்யாணப் பத்திரிகையை, மினி பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதை, மெதுவாக, ஆனால் முழுதாக. நடுவில் தலையை நிமிர்த்திக் கேள்வி வேறு கேட்பாள். "ஏனுங் டீச்சர், ஒத்தக் கால்லயே நின்னா கொக்குக்கு மரத்துப் போவாதுங்களா?" டைம்பீஸ் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். "நீ கேட்ட நேரத்துல நாலு வார்த்த போச்சு போ" என்பார் டீச்சர். வகுப்பு சிரிக்கும்.

ஒருநாள் நான் பெரிய மனசு பண்ணி, சொல்லித் தருகிறேன், மனப்பாடம் பண்ணிக்கொள் என்றேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "எழுத்துத்தான் முன்னால இருக்குதே புள்ள. அத உட்டுப்போட்டு எதுக்கு மனசுக்குள்ள தேடோணும்?" எனக்குச் சுருக்கென்றது. தாளைத் திருப்பிவிட்டவள் அல்லவா? ஆனால் அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளோ நானோ, யாராவது ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் மொதலோட்டமே பொய் என்று அந்தச் செங்காவிக் கோடு அன்றைக்கே அழிந்திருக்கும். நான் அதன்பிறகு பாட்டை இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடினேன்.

தனத்தின் அப்பா செங்கோடன் மாமன், பட்டறையில் என் அப்பாவுக்கு அடுத்த தறி. அவருக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். வெள்ளிக்கிழமை டீ குடிக்க வெளியே வருகிறபோது பள்ளிக்கூடச் சன்னலுக்கு வந்து, சுவரில் கோட்டுக்குக் கீழே ஒற்றையாக ஒட்டியிருக்கிற மகளுடைய சீட்டு எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் போவார். கூட ஓட்டுகிறவர்கள் சும்மா விடுவார்களா? "ஏனுங் செங்கோடண்ணா, உங்கூட்டுத் தறி இன்னும் நூலு கோத்துக்கிட்டேதான் இருக்குதுங்களா?" ஒருநாள் அவர் பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார்: "பொங்கலுக்குள்ள கோட்டத் தாண்டுனா படிக்கட்டும். இல்லீன்னா தார் சுத்த வரட்டும். ஓடாத தறிக்கு எதுக்குக் கரண்டு?" தார் சுற்றுவது என்றால், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் நூல் சுற்றுவது. விரல் சின்னதாக இருந்தால் வேலை சுத்தமாக இருக்கும் என்பார்கள்.

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவர் வகுப்பு வாசலுக்கே வந்து நின்றார், தலையெல்லாம் பஞ்சு. டீச்சர் டைம்பீஸை வைத்தார். தனம் விரலை ஊன்றினாள். அன்றைக்கு அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. உதடு உலர உலர, ஓர் எழுத்தைக்கூட விழுங்காமல் படித்துக்கொண்டே போனவள், பக்கம் முடிகிற இடம் வந்ததும் நின்றாள். தாளின் முனையைப் பிடித்துக்கொண்டு, திருப்பாமல், என்னைப் பார்த்தாள். நொடிமுள் ஒன்பதைத் தாண்டி மூச்சு வாங்குகிற நேரம் அது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சிரித்தேன். என்னைப் பார்த்து வகுப்பே சிரித்தது.

"முப்பத்தி நாலு" என்றார் டீச்சர்.

மாமன் உள்ளே வந்தார். "வா அம்மிணி, போலாம்."

"பை வேண்டாமாப்பா?"

"தார் சுத்தறதுக்கு எதுக்குப் பை? பொஸ்தகத்தையும் வெச்சுட்டு வா."

அவர்கள் போனபின் டீச்சர் சுவருக்குப் பக்கத்தில் போய், கீழே இருந்த அந்த ஒற்றைச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். நாலடி தள்ளி நின்று சுவரைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இனி நம்ம வகுப்புல கோட்டுக்குக் கீழ ஒருத்தருமில்ல. எல்லாருங் கைதட்டுங்க." தட்டினோம். நன்றாகவே தட்டினோம்.

சாயங்காலத்துக்குள் சேதி பட்டறைக்குப் போய், பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பா அடிக்கவில்லை. "மொதலோட்டம் ஓடுனது நீதானா சாமி?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. எத்தனை என்றார். அறுபத்திரண்டு என்றேன். தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "நாளைக்கு அடுத்த தறிக்காரன் மூஞ்சிய நானல்லோ பாக்கோணும்" என்றார். அது ஓட்டம்கூட இல்லை, வெறும் வாய் என்பதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் இருந்தவரைக்கும் வரவில்லை.

பத்தாம் வகுப்போடு என் ஓட்டமும் நின்றது. இப்போது தையல் கடை வைத்திருக்கிறேன். படிப்பு என்று எனக்கு இருப்பதெல்லாம், துணி சுற்றி வருகிற காகிதங்களை ஓய்ந்த நேரத்தில் விரல் வைத்துப் படித்துப் படித்து நானாகக் கற்றுக்கொண்டது. அப்படி விரல் வைக்க யாரைப் பார்த்துப் பழகினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. தனம், பழைய பட்டறை இருந்த இடத்தில் வந்திருக்கிற ஆட்டோ லூமில் ஷிப்டு பார்க்கிறாள். வழியில் பார்த்தால் "சாப்ட்டியா புள்ள" என்பாள். அதற்கு மேல் இத்தனை வருடத்தில் ஒன்றும் பேசியதில்லை. என் மகள் யாழினியும் அவள் மகன் கவினும் அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு.

போன மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நானும் தனமும் போயிருந்தோம். புதிதாக வந்திருக்கிற சின்ன டீச்சர், நல்ல பெண், கையில் செல்போனை வைத்துக்கொண்டு சொன்னாள்: "ரெண்டாம் வகுப்புக்கு வாசிப்பு இலக்கு வெக்கணுங்க. உங்க முன்னாலயே வெச்சிரலாம். நல்லாப் படிக்கிற பாப்பாவ வெச்சு ஆரம்பிக்கலாங்களா? யாழினி, வாம்மா."

யாழினி ஆரம்பித்தாள், தண்ணியாட்டம். எல்லாரும் செல்போனில் ஓடுகிற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் புத்தகத்தைப் பார்த்தேன். பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது, தாள் திரும்பவில்லை. அந்தப் பாடத்தை அவள் என் செல்போனில் எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்பது எனக்குத்தான் தெரியும். மடியிலிருந்து என் கை தானாக எழுந்தது. பெற்றவள் கை, திருப்பிவிடத்தான் எழுந்தது.

"டீச்சர்" என்றாள் தனம் எதிர்ப்பக்கத்திலிருந்து, தறிக்காரி குரலில். "பக்கந் திரும்பலீங்க."

செல்போன் நின்றது. சின்ன டீச்சர் குனிந்து, நடுவில் ஒரு வரியைத் தொட்டு, "இத மட்டும் படிம்மா" என்றாள். யாழினி அந்த வரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி வரியைப் பார்த்தாள். பின்னாலிருந்து ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு எல்லாப் பிள்ளைகளும். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். "வேற பாடம் வெச்சு, எல்லாரையும் ஒருக்கா கேட்டுட்டு முடிவு பண்ணலாங்க" என்று டீச்சர் செல்போனில் இருந்த எண்ணை அழித்தாள்.

வெளியே வந்தபோது யாழினி என் சேலையில் முகத்தைப் புதைத்து விம்மிக்கொண்டிருந்தாள். தனம் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். "பச்சப் புள்ள, தனம்" என்றேன். என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

"அழுவட்டும் புள்ள" என்றாள் அவள், வண்டியை உதைத்துக்கொண்டே. "நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்குதல்லோ அவளுக்கு."

அந்தச் சுவரில் இப்போது யானையும் மயிலும் வரைந்திருக்கிறார்கள். செங்காவிக் கோட்டின் தடம்கூட இல்லை. டைம்பீஸ் பெரிய டீச்சரோடு போயிற்று. மொதலோட்டத்து நாளில் அடிக்கடி தண்ணீர் குடிக்கப் போகிற ஆளும் இல்லை. தறியே தன் மீட்டரைத் தானே எண்ணிக்கொள்கிறது, அதற்கு அடுத்த தறிக்காரன் மூஞ்சியைப் பார்க்க வேண்டியதில்லை. கூடவே, ஒரு தாளைச் சத்தமில்லாமல் திருப்பிவிட்டு மறுபடி தன் மடிக்குள் போய் உட்கார்ந்துகொண்ட ஏழு வயதுக் கை ஒன்றும் இருந்தது. அது இப்போது யாருக்காகவும் பக்கம் திருப்புவதில்லை.