அம்மன் கொடுத்த சிவப்புப் பூ

முதலில் வெறும் மஞ்சள் காமாலை என்றுதான் நினைத்தோம். கண் மஞ்சளானால் திருவண்ணாமலைப் பக்கத்தில் யாரும் டாக்டரிடம் ஓடுவதில்லை. என் வீட்டுக்காரர் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கண்டக்டர். வழிநெடுக மருந்து சொல்ல ஆளிருந்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தேன். உப்பில்லாப் பத்தியம் வேறு. மனுஷர் இளைத்தார், உடம்பெல்லாம் அரித்தது, கண் மட்டும் வெளுக்கவில்லை. கடைசியில் சென்னையில் ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். அதுவும் முற்றியது.

அந்த சர்ஜன் எதையும் ஒளித்துப் பேசவில்லை.

"கட்டி பெரிய ரத்தக் குழாயைப் பிடிச்சிருக்கு. கணையத்துல ஒரு பங்கு, இரைப்பைல கொஞ்சம், சிறுகுடல், பித்தப்பைனு எடுத்து, அந்தக் குழாயையும் வெட்டி ஒட்டணும். டேபிள்லயே உயிர் போகலாம். பிழைச்சாலும் தையல் கசியலாம், சுகர் வரலாம், நோயும் திரும்பலாம். சிலருக்குக் கொஞ்ச காலம் கூடக் கிடைக்குது. வேணாம்னா, காமாலை இறங்க ஒரு டியூப் வெச்சு, வலிக்கு மருந்து குடுத்து அனுப்பறோம். சில மாசம் ஓடும். பேசி முடிவு பண்ணிட்டு வாங்க."

பேசி முடிவு பண்ண யாருக்குத் தெம்பிருந்தது? தாலுகா ஆபீஸில் டைப் அடித்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தால், இவருடைய அண்ணன் உட்கார்ந்திருப்பார். "செய்யாம விட்டா ஊரு சும்மா இருக்குமாம்மா?" என்பார். அடுத்த மூச்சிலேயே, "செஞ்சு ஏதாவது ஆயிட்டா நீதானம்மா பதில் சொல்லணும்" என்பார். இரண்டுக்கும் நடுவில் காபி கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். இவரைக் கேட்டாலோ, கூரையைப் பார்ப்பார்.

ஒருநாள் இவரே, "பூ கட்டிப் பாத்துடலாம்" என்றார். சிவப்பு வந்தால் ஆபரேஷன், வெள்ளை வந்தால் வேண்டாம். பொட்டலம் இரண்டையும் தானே கட்டினார். அடி அண்ணாமலையில் இவர்களுடைய குலதெய்வம். பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். "எடுக்கறதுக்குக் கொழந்த யாரும் இல்ல. நீயே எடும்மா" என்று என்னைப் பார்த்தார். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். சிவப்பு அரளி. மற்றதை இவர் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

காலையில் ஆரம்பித்த ஆபரேஷன் பொழுது சாயும்வரை நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்றார்கள். பாடெல்லாம் அதற்குப் பிறகுதான். தையல் கசிந்தது. வயிற்றில் செருகிய குழாயோடு வாரக்கணக்கில் வார்டில் கிடந்தார். வீட்டுக்கு வந்தபின் தினமும் இன்சுலின். இரண்டு வாய் சோறு போனால் உடனே வயிற்றால் போகும். நான் துவைத்த துணியைச் சொல்லி மாளாது. நடுவில் சில நாள் தெளிந்திருந்தார். ஒரு பௌர்ணமியன்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிரிவலம் போகிற கூட்டத்தைப் பார்த்து, "முன்னாடி போங்க, படில நிக்காதீங்க" என்று பழைய குரலில் சொல்லிவிட்டுச் சிரித்தார். கார்த்திகை தீபத்துக்கு முன்பே நோய் ஈரலில் வந்துவிட்டது.

அன்று இவருக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். களைப்பில் வாய்விட்டுவிட்டேன். "அந்த அம்மனுக்குக் கண்ணில்ல. என் கையும் வெளங்காத கை. வெள்ளைய எடுத்திருந்தா உங்களுக்கு இந்தப் பாடு உண்டா?"

இவர், "அவளை ஏன் திட்டற? ரெண்டுலயும் செவப்புதான் வெச்சேன்" என்றார்.

"ஏங்க?"

"எனக்கு இருக்கணும்னு ஆசை. கேட்டா நீ சரினுடுவ. அப்புறம் நான் போயிட்டா, நீதான் அறுக்க வெச்சனு எங்க அண்ணனே சொல்லுவாரு. சாமி சொல்லிச்சுனா யாரும் பேச முடியாது. ஆனா உன்னை எடுக்கச் சொல்லுவாங்கனு நான் நெனைக்கல."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை மாதமும் என் கையைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்திருக்கிறேன். முன்னமே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இந்த மனுஷர்? பிறகு அழுதேன். அழுதுகொண்டே, அதே கையால் இவரைத் திருப்பிப் படுக்க வைத்தேன்.

காரியத்தன்று அண்ணன் எல்லார் முன்னாலும் ஆரம்பித்தார். "அறுக்காம இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பான். யார் எடுத்த முடிவோ அது" என்று இழுத்தார். வந்திருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"அம்மன் குடுத்த பூ, மாமா" என்றேன்.

அண்ணன் காபி கேட்டார்.