கற்பூரம் காட்டாத ஜாடி

எங்கள் மாமனாரிடம் இரண்டு விஷயத்தில் யாரும் குறுக்கே பேசக் கூடாது. ஒன்று காபியின் சூடு. இன்னொன்று ஜாடி.

சிவகாசிக்கு வெளியே எங்கள் பட்டாசு ஆபீசில் (ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), சாமி படங்களுக்குக் கீழே அந்த ஜாடி இருந்தது. முழங்கால் உயரம். கருப்பட்டி நிறத்தில் ஒரு பளபளப்பு, தோளில் கயிறு கோக்க நாலு காது, சுற்றிலும் மங்கிப்போன மஞ்சள் பொட்டுகள். உள்ளே அடியில் கறுப்பாக ஒரு பொருக்கு ஒட்டியிருந்தது. அந்தப் பொருக்குதான் எங்கள் குடும்பத்துப் பெருமை. மாமாவின் அப்பா, பெரிய அய்யா, பர்மாவிலிருந்து திரும்பி வந்து முதன்முதலாக மருந்து கலந்தது அதில்தான் என்பார் மாமா. எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. காய்ச்சலுக்குக் குடிப்பதெல்லாம் அப்புறம்.

ஆயுத பூஜையன்று மிஷினுக்கு முன்னால், கல்லாப்பெட்டிக்கு முன்னால், ஜாடிக்குத்தான் முதல் சந்தனமும் முதல் மாலையும். ஆனால் கற்பூரம் மட்டும் காட்ட மாட்டார்கள். உள்ளே மருந்து இருக்கிறதே! பூசாரி வாசலுக்கு வெளியே நின்று, ஜாடி இருக்கும் திசையைப் பார்த்துத் தட்டைச் சுற்றிவிட்டு அங்கேயே அணைத்துவிடுவார். ஜாடியைக் கழுவவும் கூடாது. சுரண்டினால் உரசும், உரசினால் தீப்பிடிக்கும். இந்தத் தொழிலில் தவழுகிற பிள்ளைக்கும் அது தெரியும். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் என்றைக்கோ புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்திருப்பார்கள். நாங்கள் உள்ளே தொடவே இல்லை.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். குடும்பத்தின் அச்சு வேலைகளை டவுன் ஆபீசில் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் ஏஜெண்டுகளுக்குக் கொடுக்கிற காலண்டரில் சாமி படம் வேண்டாம், ஜாடி படம் போடு என்றார் மாமா.

"சரி மாமா. கீழே ரெண்டு வரி எழுதணும்ல? இது எந்த ஊர் ஜாடி?"

"நம்மூரு ஜாடிதாம்மா. எழுது."

நம்மூர் கரிசலில் எந்தக் குயவர் இப்படி மெருகு ஏற்றினார்? எனக்கு எரிச்சலாக வந்தது. என் கணவரைக் கேட்டால் விருத்தாசலம் பீங்கான் என்றார். ஆபீஸ் மேனேஜர் சீனா என்றார். நிச்சயமாகத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அந்த இரண்டு வரியைக் காலியாக விட்டுப் புரூப் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

தீபாவளி முடிந்து ஆலைக்கு லீவு விட்டிருந்த சமயம். மாமாவின் அக்கா, எனக்குப் பெரியம்மா முறை, இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்தார். விருதுநகரில் பருப்பு வியாபாரக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். எங்கள் வீட்டுப் பெண்கள் பட்டாசு ஆபீசுக்குப் போகிற வழக்கம் இல்லை. அவரும் ஒரு நாளும் போனதில்லை. போட்டோ எடுக்கிற சாக்கில் உள்ளே நுழைந்தது நான் ஒருத்திதான். மேஜையில் கிடந்த புரூப்பைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார் பெரியம்மா.

"ஏத்தா, இத எதுக்குக் காலண்டர்ல போட்டிருக்கீக?"

"பெரிய அய்யா மருந்து கலந்த ஜாடியாம் பெரியம்மா."

"மருந்தா? நாசமாப் போச்சு! இது எங்கம்மாவோட ஙாப்பி ஜாடில்லா! ரங்கூன்ல எங்க அடுப்பங்கரையில இருந்தது. எப்பவோ உடைஞ்சிருக்கும்னுல்ல நெனச்சேன்!"

ஙாப்பி என்றால் என்னவென்று கேட்டேன். மீனை உப்புப் போட்டு இடித்துப் புளிக்க வைத்தது என்றார். பர்மாவில் அது இல்லாமல் சோறு இறங்காதாம். அதற்கென்றே அங்கே செய்கிற ஜாடியாம் இது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, வாரம் முழுக்கக் கவிச்சி தொடாமல் விரதம் இருந்து, கருவாட்டு ஜாடிக்கா சந்தனம் பூசினோம்? அடுத்த நிமிஷமே மாமாவின் நினைப்பு வந்தது. மாமா மதுரை ஏஜெண்டிடமும் பேங்க் மேனேஜரிடமும் கல்யாண வீடுகளிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற ஒரே கதை அது. அது பொய் என்று தெரிந்தால் மனுஷன் தாங்குவாரா? மெதுவாகச் சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் மாமா உள்ளே வந்தார். பெரியம்மா படாரென்று போட்டு உடைத்துவிட்டார்.

மாமா முகம் சிவந்துவிட்டது. "அக்கா, வயசான காலத்துல எதையாவது உளறாதீக. அது எங்கய்யா மருந்து கலந்த ஜாடி."

"நீ பாத்தியாலே?"

"நீங்க பாத்தீகளா?"

"நான் அதுல தின்னுருக்கேன்லே!"

கார் எடுக்கச் சொன்னார் மாமா. மருந்தா இல்லையா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரே வழிதான் உண்டு. ஒரு சிட்டிகை எடுத்துப் பொட்டலில் வைத்துப் பற்றவைப்பது. மருந்து என்றால் புஸ்ஸென்று சீறும்.

ஆலையில் காவல்காரரைத் தவிர ஆளில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன மாமா, இரும்பு படக் கூடாதென்று மூங்கில் குச்சியால் பொருக்கை மெல்ல, மெல்ல நெம்பினார். நான் சுவருக்குப் பின்னால் நின்று மாரியாத்தாளைக் கூப்பிட்டேன். "கருவாட்டுக்கா இம்புட்டுப் பயம்?" என்று பெரியம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பொட்டலில் ஒரு காகிதத்தில் அதை வைத்து, நீளக் குச்சியில் ஊதுபத்தியைக் கட்டி, தூர நின்று நீட்டினார் மாமா.

சீறவில்லை. காகிதம் எரிந்தது, பொருக்கு சுருண்டு புகைந்தது. ஐயோ, அந்த நாற்றம்! கருகின மீன் நாற்றம் பொட்டல் முழுக்கப் பரவியது. எங்கிருந்துதான் மோப்பம் பிடித்ததோ, காவல்காரர் வளர்க்கும் பூனை ஓடி வந்து காகிதத்தைச் சுற்றியது.

மாமா குச்சியைக் கீழே போடாமல் அப்படியே நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. பெரியம்மா எழுந்து அவர் பக்கத்தில் போனார். குரல் தணிந்துவிட்டது.

"ஜப்பான் சண்டைக்குப் பயந்து கப்பலேறும்போது நீ அம்மா வயித்துல இருந்தலே, தம்பி. அவளுக்குக் கஞ்சி தங்காது, தண்ணி தங்காது. ஒரே வாந்தி. இத ஒரு விரல் தொட்டு நாக்குல வச்சாத்தான் நாலு வாய் உள்ள போகும். நகை நட்டெல்லாம் விட்டுட்டு இந்த ஜாடியத்தான் மடியில வச்சிக்கிட்டு வந்தா. இது இல்லேன்னா அவளும் இல்ல, நீயும் இல்ல."

மாமா பிறந்து குப்புற விழும் முன்னே அவருடைய அம்மா போய்விட்டார். ஒரு போட்டோ கிடையாது. முகமும் தெரியாது. வீட்டில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார். அன்றைக்குப் போகவில்லை.

"அம்மா கைபட்ட ஜாடியாக்கா?" என்று கேட்டார்.

"பின்ன? வேற ஒருத்தரத் தொட விடுவாளா?"

மாமா உள்ளே போய் ஜாடிக்குள் கையை விட்டார். முழங்கைக்கு மேலே வரை விட்டு அடியைத் தடவிக்கொண்டே இருந்தார். காலண்டரில் என்ன எழுத என்று காரில் வரும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன். பர்மாவில் செய்தது, எங்கள் அம்மா கொண்டுவந்தது என்று போடச் சொன்னார். தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வருத்தமாக இருக்கிறாரோ என்று காரின் முன் கண்ணாடியில் பார்த்தேன். இல்லை, கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் இலை போட்டேன். பட்டாசுக்காரர் வீட்டில் கை கழுவாமல் ஒருவரும் சோற்றைத் தொட மாட்டார்கள். சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். மாமா அதை வாங்கித் தள்ளி வைத்துவிட்டார்.

"நாறுதுலே, கையக் கழுவு" என்றார் பெரியம்மா.

மாமா காதில் வாங்கவில்லை. ஜாடிக்குள் விட்ட அதே கையால் வெறும் சோற்றைப் பிசைந்து, ஒவ்வொரு வாயையும் மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. நான் குழம்போடு போனேன்.

"குழம்பு வேணாம்மா. இன்னுங் கொஞ்சம் சோறு போடு" என்றார்.