மருமகனுக்கு வாங்கிய ஏசி

ஏசி மெக்கானிக் தொழில் என்பது ஊருக்கெல்லாம் குளிரைக் கொடுத்துவிட்டு நாம் வெயிலில் நிற்கிற தொழில். அறைக்குள்ளே இருக்கும் வெள்ளைப் பெட்டியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் ஜோடி ஒன்று வெளியே இருக்கும். அதை வைக்க வீட்டுக்காரர்கள் தேடிப் பிடிக்கும் இடம், அந்த வீட்டிலேயே அதிகமாக வெயில் அடிக்கும் சுவராகத்தான் இருக்கும். எனக்கு முக்கால்வாசி வேலை அங்கேதான். ஏப்ரல் மாதத்து உச்சி வெயிலில் மட்டாஞ்சேரியில் ஒரு சன்ஷேடின் மேல் குந்தி உட்கார்ந்து, அந்தப் பெட்டி விடும் அனலையும் முகத்தில் வாங்கிக்கொள்வேன். கடல்நீர் புகுந்து கிடக்கும் காயல் பக்கத்திலேயே இருப்பதால் காற்று முழுக்க ஈரம். வியர்வை வழியும், ஆனால் காயாது. நீங்களும் வியர்த்துப் பழகியவர்கள்தான், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு முதலாளி கிடையாது, கடையும் கிடையாது. ஒரு ஸ்கூட்டர், ஒரு ஏணி, ஒரு பை, அவ்வளவுதான். மூன்று தலைமுறையாக இந்த மலையாள ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். ஊரில் எனக்கு ஏசி மோகன் என்று பெயர். இந்த வேலையில் நான் சம்பாதித்ததைவிட வாயைப் பிளந்து நின்றதுதான் அதிகம்.

பின்பக்கத்து அடுப்பு

எங்கள் சந்துகளில் ஒரு வீட்டின் முதுகும் அடுத்த வீட்டின் முகமும் கை எட்டும் தூரத்தில் இருக்கும். ஒருவர் ஏசி போட்டால் அந்த அனல் எதிர்வீட்டு ஜன்னலுக்குள் போகும். அப்புறம் சண்டைதான். அதனால் வெளிப்பெட்டியைக் கழுவ ஏறும்போதெல்லாம் நான் கொஞ்சம் குனிந்தே ஏறுவேன்.

ஒரு மழைக்காலத்தில், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பையனின் ஏசியைச் சுத்தம் செய்யப் போனேன். அது பகலெல்லாம் ஓடுகிற ஏசி. எதிர் மாடியில் ஒரு கொங்கணி மாமி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பப்படம், அதாவது நம் அப்பளம், போட்டு விற்பவர். திட்டு வரப்போகிறது என்று தயாராகத்தான் இருந்தேன். பெட்டியில் அடைத்திருந்த அழுக்கை எல்லாம் தண்ணீர் அடித்துக் கழுவி, மறுபடி ஓடவிட்டேன். காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் மாமியின் மாடியில் தகரக் கூரைக்குக் கீழே, கம்பியோரம் இருந்ததைப் பார்த்தேன். வரிசையாக முறங்கள், முறம் முறமாகப் பப்படம், எல்லாம் அந்தப் பெட்டியின் வாய்க்கு நேரே. மேலே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வெயில் இல்லாத மாதங்களில் அந்த அம்மாள் பக்கத்து வீட்டு ஏசியின் முதுகைத் தன் சூரியனாக வைத்துக்கொண்டிருக்கிறார். நான் அசந்துபோய் நின்றேன். மாமி உள்ளங்கையைக் காற்றில் நீட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"காத்து கூடிப்போச்சு, சூடு குறைஞ்சுபோச்சு. பழையபடி ஆக்கிக் கொடு, பப்படம் பறக்குது."

மூச்சு படாத குளிர்

ஜமீலாத்தா பாலக்காட்டிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம்; என்னை மட்டும் எங்கேயும் 'மோனே', மகனே, என்றுதான் கூப்பிடுவார். மகள் கல்யாணம் நிச்சயமானதும் முதல் வேலையாக என்னைக் கூப்பிட்டு உள்ளறையில் ஏசி மாட்டச் சொன்னார். எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். பெண் வீட்டுக்கு மருமகன் முதல்முறை தங்க வருவதற்குள் அறைக்கு ஏசி வந்துவிட வேண்டும். பந்தல்காரருக்கு முன்னால் என்னைக் கூப்பிட்ட வீடுகள்கூட உண்டு.

மருமகனுக்கு ஆலுவாவில் கடை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மகளோடு வந்து ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவார். அந்தச் சனிக்கிழமை மதியமே ஜமீலாத்தா ஏசியைப் போட்டு, கதவைச் சாத்தி, குளிரைச் சேர்த்து வைப்பார். மற்ற நாளெல்லாம் அறைக்குப் பூட்டு. அவரும் அவர் கணவர் காதரிக்காவும் முன்னறையில், கடகடவென்று ஆடும் ஒரு ஃபேனுக்குக் கீழே. மூன்று வருடமாகியும் ஏசியின் முகத்தில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை சர்வீஸ் முடித்து ஓடவிட்டேன். அறை ஜில்லென்று ஆகிவிட்டது. வெளியே இருவரும் சட்டை நனைய, சேலை நனைய உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நிமிடம் உள்ளே வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டேன். வந்தார்கள், நிலைப்படிவரைக்கும். அங்கேயே நின்று தலையை மட்டும் நீட்டி, தொட்டிலில் தூங்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல ஏசியைப் பார்த்தார்கள். சிரிப்பதா கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஜமீலாத்தா குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வேணாம் மோனே. நம்ம மூச்சு பட்டா குளிர் குறைஞ்சுபோகும்."

அந்தோணி சேட்டனின் அறை

அங்கிருந்து இரண்டு சந்து தள்ளி அந்தோணி சேட்டன் வீடு. பஜாரில் சுமை தூக்கியவர். மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அவர் தலையில் ஏறி இறங்கியிருக்கின்றன. தமிழ்நாட்டு லாரிக்காரர்களோடு பேசிப் பேசி வந்த தமிழ் அவருடையது. ஒருநாள் லாரியின் மேலிருந்து விழுந்ததில் கழுத்தில் அடி. கழுத்துக்குக் கீழே அசைவு நின்றுபோனது. கூடவே இன்னொன்றும் நின்றுபோயிருந்தது. அவர் மனைவி ரோசிச் சேச்சி சொல்லித்தான் எனக்கே தெரியும். அவருக்கு வியர்க்காது. நமக்குச் சூடேறினால் வியர்த்து உடம்பு ஆறிவிடுகிறது. அவருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அறை சூடானால் உடம்பும் கூடவே சூடாகிக்கொண்டே போகும், விட்டால் உயிருக்கே ஆபத்து. கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு பழைய ஏசி வாங்கி மாட்டியிருந்தார்கள். அந்த வீட்டில் ஏசி மருந்துக் கணக்கில் வரும்.

நான் முதல்முறை அங்கே போயிருந்தபோது கரண்ட் போய்விட்டது. ரோசிச் சேச்சி ஒன்றும் பதறவில்லை. இஸ்திரி போடத் துணிக்குத் தண்ணீர் பீச்சும் பாட்டிலை எடுத்தார். கழுத்து, மார்பு, கை, கால் என்று மெல்லிசாகப் பீச்சிவிட்டு, ஒரு காலண்டர் அட்டையால் விசிறினார். காய்ந்ததும் மறுபடி பீச்சினார். மீன்காரர் ஏமாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டே செய்தார். கணவனுக்கு வர வேண்டிய வியர்வையை அவர் வெளியிலிருந்து வரவைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் ஏணியிலேயே நின்றுவிட்டேன். வருடக்கணக்காக நான் குழாயும் கேஸும் கொண்டு செய்வதை, அந்த அம்மாள் ஒரு பாட்டிலை வைத்துச் செய்கிறார். முகத்தில் வழிந்ததைத் துடைக்கத் துண்டை எடுத்தேன். படுக்கையிலிருந்து அந்தோணி சேட்டன் கூப்பிட்டார்:

"துடைக்காதே மோகனா. கொஞ்ச நேரம் அங்கேயே நில்லு, பாத்துக்கறேன். முன்னெல்லாம் எனக்கும் இப்படித்தான் ஊத்தும்."

என் வீட்டு நிலவரம்

கேட்பீர்கள் என்று தெரியும். எங்கள் வீட்டில் ஏசி இல்லை. ஓட்டு வீடு, கூரைக்கும் சுவருக்கும் நடுவே பூனை போகும் அளவுக்கு இடைவெளி. இதில் ஏசி போட்டால் தெருவுக்கே குளிர் கொடுக்க வேண்டும். ஒரு ஸ்டாண்டு ஃபேன் இருக்கிறது. திரும்பித் திரும்பி எல்லோருக்கும் ஒரே அளவாகச் சூட்டைப் பங்கு வைக்கும். என் மனைவி சாந்தி எதையும் கேட்டு வாங்குகிறவள் இல்லை. கேட்காமலே சொல்லிவிடுவாள்:

"இத்தனை வீட்டுக்குக் குளிரை ஊத்திட்டு வர்றீங்க, வர்றப்ப ஒரு பிளாஸ்க்ல நமக்கும் கொஞ்சம் பிடிச்சுட்டு வரலாம்ல."

ஒரு சனிக்கிழமை

போன ஏப்ரலில், காக்கைகூடக் கத்தாத ஒரு வெயில். காலையிலேயே ஜமீலாத்தா போன் செய்தார், மருமகன் வருகிறார், ஏசியை ஒருதரம் பார்த்துவிட்டுப் போ என்று. கிளம்பும்போது ரோசிச் சேச்சியின் போன். ஏசி ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றுவிட்டதாம். வண்டியை அங்கே திருப்பினேன்.

கம்ப்ரசர் போயிருந்தது. ஏசிக்கு இதயம் அதுதான். வயதான ஏசி, தட்டிக்கொட்டி எழுப்ப வழியில்லை. ரோசிச் சேச்சி பாட்டிலால் பீச்சிக்கொண்டே இருந்தார். ஆனால் அன்றைக்கு ஃபேன் காற்றே கொதித்தது. தெர்மாமீட்டரில் சூடு ஏறிக்கொண்டே போனது. டாக்டர் போனில் சொன்னார், அறையைச் சீக்கிரம் குளிரவைக்க முடியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்துவிடுங்கள். அந்தச் சந்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. போன தடவை அப்படித் தூக்கிப் போனதில் முதுகில் ஏற்பட்ட புண் ஆறவே மாதக்கணக்கானது. எப்போதும் வாய் ஓயாத அந்தோணி சேட்டன் கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் கிடந்தார். முகம் செங்கல் நிறமாகியிருந்தது.

காயலுக்கு அக்கரையில், பிராட்வேயில் இருக்கும் பார்ட்ஸ் கடைகளுக்கெல்லாம் போன் செய்தேன். அந்த மாடலுக்கு இல்லை. இடப்பள்ளியில் புது ஏசியே கேட்டேன். திங்கட்கிழமைதான் வண்டி வருமாம். அதற்குள் ஜமீலாத்தாவின் போன் மறுபடி வந்தது, எங்கே இருக்கிறாய் என்று. இன்று வரமுடியாது என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். அவர் காதரிக்காவிடம் ஏதோ சொல்வது போனில் கேட்டது. பிறகு, "நீ இங்க வா" என்றார்.

போனேன். உள்ளறை திறந்திருந்தது. ஏசிக்குக் கீழே காதரிக்கா ஸ்டூலைப் போட்டு, அது ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஜமீலாத்தா அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கழட்டு என்றார். இன்றைக்கு மருமகன் வருகிறாரே என்று இழுத்தேன். அவர் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அவருக்கு வேர்க்கும் மோனே. வேர்த்தா ஆறிடும். நீ கழட்டு."

சும்மாடு

ஒரு ஏசியைக் கழட்டுவதற்கு முன்னால் அதன் கேஸை மொத்தமாக வெளிப்பெட்டிக்குள் உறிஞ்சி அடைக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் காற்றோடு போய்விடும். வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாக நான் அவசரப்பட்டதில்லை. வெளிப்பெட்டியை எப்படிக் கொண்டுபோவது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் வாசலில் நீலச் சட்டைகள் தெரிந்தன. அந்தோணி சேட்டனோடு மூட்டை தூக்கியவர்கள் இருவர். காதரிக்காதான் பஜாருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, பெட்டி சாயாமல் தலையில் வைத்துக்கொண்டு, ஸ்ட்ரெச்சர் திரும்பாத அந்த முடுக்கில் ஒரு சுவரிலும் உரசாமல் திரும்பினார்கள். உள்பெட்டியைக் காதரிக்கா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தார். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

பழைய குழாய்களே பொருந்திவிட்டன. சன்ஷேடில் என் முழங்கால் சுட்டது, கண்ணுக்குள் உப்பு இறங்கியது, கை வழுக்கி ஸ்பேனர் கீழே விழுந்தது. கடைசி முடுக்கு முடுக்கி, ரோசிச் சேச்சியிடம் சுவிட்சைப் போடச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாக அறை குளிர்ந்தது. பாட்டில் பீச்சுவது நிற்கவில்லை. தெர்மாமீட்டர் இறங்கத் தொடங்கியபோது ரோசிச் சேச்சி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. வியர்வையோடு வியர்வையாகப் போய்விட்டது, யாருக்கும் தெரியாது. அந்தோணி சேட்டன் கண்ணைத் திறந்தார். தலையிலிருந்து கால்வரை சொட்டிக்கொண்டு நின்ற என்னை மெல்லப் பார்த்தார்.

"இன்னிக்கு என் பங்கையும் சேத்து நீயே வேர்த்துட்டே மோகனா."

சொந்தக் குளிர்

மறுநாள் மதியம் ஏசி எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் போனேன். பின்னாலேயே ஜமீலாத்தாவும் காதரிக்காவும் வந்தார்கள், கையில் ஒரு தூக்குப் பாத்திரத்தில் பிரியாணியோடு. கூடவே மகளும் மருமகனும். முந்தின ராத்திரி அந்த ஆடும் ஃபேனுக்குக் கீழே படுத்த மருமகன் முகத்தில் நல்ல தூக்கம் தூங்கிய களை இருந்தது.

பழக்க தோஷம், பெரியவர்கள் இருவரும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்கள். மூச்சு பட்டால் குளிர் குறைந்துவிடும் என்று இங்கேயும் சொன்னார் ஜமீலாத்தா. குறைஞ்சா சரிபண்ண மோகனன் இருக்கான், கதவைச் சாத்திட்டு உள்ளே வாங்க என்று அந்தோணி சேட்டன் அதட்டினார். வந்து பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூன்று வருடத்தில் தங்கள் ஏசிக்குக் கீழே அவர்கள் உட்கார்ந்தது அன்றுதான் முதல்முறை. காதரிக்கா இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டார். ஜமீலாத்தா தலைத்துணியைக் காதுவரைக்கும் இழுத்துவிட்டு, பிளாஸ்டிக் தாள் இன்னும் உரியாத அந்த ஏசியை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் கட்டிலைப் பார்த்தார். அந்தோணி சேட்டன் முகத்தில் பழைய நிறம் திரும்பியிருந்தது. திங்கட்கிழமை புதுசு வந்ததும் இதைக் கழட்டிக்கொண்டுவந்து உங்கள் வீட்டில் மாட்டிவிடுகிறேன் என்றேன். ஜமீலாத்தா மருமகன் பக்கம் திரும்பினார்.

"இத்தனை குளிருலயா மருமகனே மூணு வருசமா படுத்துக் கிடந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஃபேன் போட்டுக் கொடுத்திருப்பேனே. மோகனா, திங்கக்கிழமை நீ வர வேணாம், இது இங்கேயே இருக்கட்டும்."

இப்போதும் சன்ஷேடில் நின்று வியர்வையைத் திட்டத்தான் செய்கிறேன், என்ன, துடைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் வழியவிட்டுவிட்டுத் திட்டுகிறேன்.